குரூப்புக்குப் பூட்டு இருக்கு... சாவி யார் யார்கிட்ட?

"மேடம், நேத்து நைட்டு லாரியை போட்டோ எடுத்தது நீங்கதானே?"

காலை 7 மணிக்கு, முன்பின் தெரியாத நம்பரிலிருந்து இப்படி ஒரு போன் வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவருக்கு வந்தது. சென்னைப் புறநகரில் ஓர் ஏரிக்கரைப் பக்கம் குடியிருக்கிறார். ஏரி என்று சொல்வதைவிட, ஏரியாக இருந்ததில் மிச்சமிருப்பது என்று சொல்லலாம். நள்ளிரவு தாண்டியதும் கட்டட இடிபாடுகளை ஏற்றிக்கொண்டு லாரிகள் வரும், கரையோரம் கொட்டிவிட்டுப் போகும். அந்தப் பகுதி மக்கள் சேர்ந்து ஏரியைக் காப்பாற்ற ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார்கள். முதலில் 20 பேர். பிறகு 'நம்ம ஆளுதான், சேர்த்துக்குங்க' என்று ஆளுக்கு ஆள் சேர்த்து 180 பேர். ஒரு ராத்திரி மொட்டைமாடியிலிருந்து லாரியை நம்பர் பிளேட்டோடு படமெடுத்து அதில் போட்டார் அக்கா. விடிந்ததும் அந்த போன்.

குரல் மரியாதையாகத்தான் பேசியதாம். மிரட்டல் எதுவும் இல்லை. கடைசியில் மட்டும், "பாப்பா அந்த ஸ்கூல்லதானே படிக்குது? நல்ல ஸ்கூல் மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்திருக்கிறார். அக்காவின் வாட்ஸ்அப் டி.பி-யில் மகள் பள்ளிச் சீருடையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "வாட்ஸ்அப்ல எல்லாமே எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்டட்னு மேலயே எழுதியிருக்கே... நாங்க மட்டும்தானே படிக்க முடியும்? அப்புறம் எப்படி?"

நியாயமான கேள்வி. உங்களில் பலரும் இப்படி ஒரு குரூப்பில் இருப்பீர்கள். குளம் தூர்வாரும் குழு, மதுக்கடையை எடுக்கச் சொல்லும் பெண்கள் குழு, ஆர்.டி.ஐ போடுபவர்கள் குழு, கம்பெனியில் சங்கம் தொடங்க நினைக்கும் நாலு பேர்... இவர்களுக்கு இது டெக் சமாசாரம் மட்டும் அல்ல. புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில் சட்டவிரோதக் கல்குவாரிகளுக்கு எதிராகப் புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி, 2025 ஜனவரியில் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் குவாரி உரிமையாளர் உள்ளிட்டவர்கள் கைதானார்கள். யார் புகார் கொடுக்கிறார், யார் படம் எடுக்கிறார் என்று எதிர்த்தரப்புக்குத் தெரிவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதற்குமேல் உதாரணம் வேண்டாம்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

முதலில் அந்த 'என்க்ரிப்டட்' என்பதைப் புரிந்துகொள்வோம். கணக்குப் பாடமெல்லாம் வேண்டாம், பயப்படாதீர்கள்.

அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு பார்த்திருப்பீர்கள். பூட்டுவதற்குச் சாவி தேவையில்லை, திறக்கத்தான் தேவை. நீங்கள் வாட்ஸ்அப்போ சிக்னலோ இறக்கியதும் உங்கள் போன் அப்படி ஒரு பூட்டையும் அதற்கான சாவியையும் தானே செய்துகொள்கிறது. திறந்த நிலையில் இருக்கும் பூட்டு கேட்பவர்களுக்கெல்லாம் போகும். சாவி உங்கள் போனைவிட்டு வெளியே போகாது. உங்களுக்குச் செய்தி அனுப்புபவர் அதை ஒரு பெட்டியில் போட்டு, உங்கள் பூட்டை அமுக்கி அனுப்புகிறார். நடுவில் அந்தப் பெட்டி கம்பெனியின் சர்வர், செல்போன் டவர், கடலடி கேபிள் என்று எங்கே போனாலும் பெட்டிதான் போகிறது. திறப்பது உங்கள் போன் மட்டுமே. இதுதான் எண்ட்-டு-எண்ட். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை.

குரூப் என்று வரும்போது ஒரு சிக்கல். 180 பேருக்கு ஒரே செய்தியை 180 தடவை தனித்தனியாகப் பூட்டினால் போன் திணறும். அதனால் குரூப்பில் எழுதும் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு 'அனுப்புநர் சாவி' உண்டு. முதல் தடவை எழுதும்போது அந்தச் சாவியை மட்டும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டியில் பூட்டி அனுப்பிவிடுவார்கள். அதன்பிறகு செய்திகளை அந்த ஒரே சாவியால் ஒரு தடவை பூட்டினால் போதும். எல்லோரும் திறந்துகொள்ளலாம். குரூப்பிலிருந்து யாராவது வெளியேறினால், மிச்சமிருப்பவர்கள் பழைய சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுச் சாவி செய்கிறார்கள். இதெல்லாம் நமக்குத் தெரியாமல், நாம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே நடந்துவிடும்.

வாட்ஸ்அப் இந்த முறையை 2016 ஏப்ரலில் எல்லோருக்கும் கொண்டுவந்தது. அதற்கு அடிப்படை சிக்னல் ஆப்பை உருவாக்கியவர்களின் தொழில்நுட்பம்தான். பூட்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பட்டறையில் அடித்த பூட்டு. நடுவழியில் யாரும் உடைத்துப் படித்துவிடுவார்கள் என்று பயப்படத் தேவையில்லாத அளவுக்கு உறுதியான பூட்டு.

அப்படியென்றால் அக்காவின் படத்தை யார் உடைத்தார்கள்? யாரும் உடைக்கவில்லை. 180 பேரிடம் சாவி இருந்தது. அதில் ஒருவர் பெட்டியைத் திறந்து, பார்த்து, பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான்

'180 பேர் இருக்கிற குரூப்புல அப்படித்தான் ஆகும், படிச்சவங்க பெரிய ஆளுங்க இருக்கிற குரூப்ல நடக்காது' என்று நினைக்கிறீர்களா? 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் உச்சிப் பதவிகளில் இருந்தவர்கள், ஏமனில் ஹூதிகள் மீது நடத்தப்போகும் தாக்குதல் பற்றி சிக்னல் குரூப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸின் கணக்கிலிருந்து அந்தக் குரூப்பில் தவறுதலாக இன்னொருவரும் சேர்க்கப்பட்டிருந்தார். 'தி அட்லான்டிக்' இதழின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பெர்க். ஒரு பத்திரிகையாளராக நான் பொறாமைப்பட்ட ஒரே வாட்ஸ்... இல்லை, சிக்னல் குரூப் அதுதான். குண்டு விழுவதற்கு முன்பே அவர் போனில் நேரம் முதற்கொண்டு வந்துவிட்டது. சிக்னலின் பூட்டு அன்றைக்கும் பிசிறில்லாமல் வேலை செய்தது. அழைப்புப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் மட்டும், பத்திரிகையாளர் உட்பட, பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இதை ஆய்வாளர்கள் வேறு கோணத்தில் முன்பே சொல்லியிருந்தார்கள். ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வாட்ஸ்அப் குரூப்பில் யார் உறுப்பினர் என்பதை முடிவு செய்வதில் சர்வருக்குப் பங்கு இருப்பதால், சர்வரைக் கையில் வைத்திருப்பவர் நினைத்தால் புது ஆளை உள்ளே நுழைக்க முடியும் என்று காட்டினார்கள். ஆனால், அப்படி நுழைந்தாலும் 'இவர் சேர்க்கப்பட்டார்' என்ற வரி எல்லோருக்கும் தெரியும். அந்த வரியை நீங்கள் கடைசியாக எப்போது படித்தீர்கள்? மஞ்சளும் சாம்பலுமாக ஓடிப்போகும் அந்தச் சின்ன எழுத்துகளை யாருமே படிப்பதில்லை. அக்காவின் குரூப்பில் யாரை யார் சேர்த்தார்கள் என்று தேடிப் பார்த்தோம். 60 பேருக்கு மேல் 'யாரோ சேர்த்தார்கள்' கணக்குத்தான்.

ஹாங்காங் இளைஞர்கள் என்ன செய்தார்கள்?

இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் எடுத்தவர்கள் ஹாங்காங் இளைஞர்கள். 2019 ஜூனில், குற்றம்சாட்டப்பட்டவர்களைச் சீனாவுக்கு அனுப்ப வழிசெய்யும் சட்டத்திருத்தத்தை எதிர்த்து லட்சக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தலைவர் என்று யாரும் கிடையாது. எல்லாம் போனில்தான். பெரும்பாலானவர்கள் பயன்படுத்தியது டெலிகிராம்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். நம்மூரில் நிறைய பேர் டெலிகிராமை 'வாட்ஸ்அப்பைவிட ரகசியமானது' என்று நம்புகிறார்கள். டெலிகிராம் குரூப்களுக்கு எண்ட்-டு-எண்ட் பூட்டே கிடையாது. இரண்டு பேர் மட்டும் பேசும் 'சீக்ரெட் சாட்'டுக்குத்தான் உண்டு, அதையும் நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். குரூப்பில் எழுதுவது எல்லாம் கம்பெனியின் சர்வரில் கம்பெனியே திறக்கக்கூடிய நிலையில் இருக்கிறது. டெலிகிராம் நிறுவனர் பாவெல் துரோவ் 2024 ஆகஸ்ட்டில் பாரிஸில் கைதானார். அதற்கடுத்த மாதமே, சட்டப்படி கேட்டால் பயனாளர்களின் போன் நம்பரையும் ஐ.பி முகவரியையும் கொடுப்போம் என்று விதியை மாற்றியது டெலிகிராம்.

பிறகு ஏன் ஹாங்காங்காரர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்? முட்டாள்கள் அல்ல. அவர்களுடைய பயம் வேறு. செய்தியை நடுவழியில் யாராவது படிப்பதைவிட, 'இந்தச் செய்தியை எழுதியது யார்' என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிவதுதான் அவர்களுக்குப் பெரிய ஆபத்தாகப்பட்டது. டெலிகிராமில் போன் நம்பர் காட்டாமல் புனைபெயரில் உலவ முடியும். அப்போது சிக்னலிலும் வாட்ஸ்அப்பிலும் அது முடியாது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே குரூப்பில் சேரவும் முடியும்.

அந்த நம்பிக்கையிலும் ஓட்டை விழுந்தது. 2019 ஆகஸ்ட்டில் ஹாங்காங் பொறியாளர்கள் சிலர் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். போன் நம்பர்களை வரிசையாக ஆயிரக்கணக்கில் உங்கள் கான்டாக்ட்டில் போட்டுக்கொண்டு குரூப்பைத் திறந்தால், நம்பரை மறைத்து வைத்தவர்கள்கூட அந்தப் பட்டியலோடு பொருந்திப்போய்விடுவார்கள். நம்பர் கிடைத்தால் சிம் யார் பெயரில் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? டெலிகிராம் அவசரமாக அதை அடைத்தது. அதற்கு முன்பே, ஜூனில், 20,000 பேருக்கு மேல் இருந்த ஒரு டெலிகிராம் குரூப்பின் அட்மினை போலீஸ் கைதுசெய்திருந்தது. அவர் அன்று தெருவில்கூட இல்லை, வீட்டில் இருந்தார்.

லண்டன் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள், இந்தப் போராட்டத்தில் இருந்த 11 பேரிடம் நீண்ட பேட்டி எடுத்து 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நான் படித்ததிலேயே இந்த விஷயத்தை மனிதர்கள் பக்கமிருந்து பார்த்தது அதுதான். குரூப்பை அவர்கள் இரண்டு விதமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்கிற பெரிய குரூப்கள் ஒரு பக்கம். அங்கே போலீஸும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே பேசினார்கள். இன்னொரு பக்கம், நம்பிக்கைக்குரிய சிலர் மட்டும் இருக்கிற சின்ன குரூப்கள். உண்மையில் யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் இந்தச் சின்ன குரூப்பில்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விஷயம். 'ஒருவர் கைதானால் என்ன செய்வது' என்பதை அவர்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். வெளியே போகிறவர் இவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை தகவல் சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் மற்றவர்கள் அவர் மாட்டிக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டு, அவரைக் குரூப்பிலிருந்து நீக்குவார்கள், பேசியதை அழிப்பார்கள். அவர்மீது கோபத்தில் அல்ல. அவருடைய போன் இன்னொருவர் கையில் இருக்கிறது, அதில் எல்லோருடைய சாவியும் இருக்கிறது என்பதால். அவரை நீக்குவது அவரைக் காப்பாற்றுவதும்தான். திறந்த போனில் படிக்க எதுவும் இல்லையென்றால் அவரிடம் கேட்கவும் எதுவும் இருக்காது.

'தலைவரே இல்லாத போராட்டம்' என்று சொல்லப்பட்டதில், உண்மையில் அட்மின்கள்தான் தலைவர்களாகிவிட்டார்கள் என்பதும் அந்த ஆய்வில் வருகிறது. யாரைச் சேர்ப்பது, யாரை எடுப்பது, எப்போது குரூப்பை மூடுவது... எல்லாம் அவர்கள் விரல் நுனியில். நம்மூரில் அட்மின் என்றால் காலை வணக்கம் போடுபவர்களைக் கண்டிக்கிற வேலை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

குரூப் தொடங்குவது குற்றமா?

பலர் பயந்து போய் கேட்கிற கேள்வி இது. 2021 பிப்ரவரியில், விவசாயிகள் போராட்டத்தை ஆதரிக்கும் 'டூல்கிட்' ஆவணம் தொடர்பாக பெங்களூரைச் சேர்ந்த இளம் சூழலியல் செயற்பாட்டாளர் திஷா ரவி கைதுசெய்யப்பட்டார். அவர் ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார் என்பதும் போலீஸ் சொன்னவற்றில் ஒன்று. ஜாமீன் கொடுத்த டெல்லி நீதிமன்றம், வாட்ஸ்அப் குரூப் தொடங்குவதோ, ஆபத்தில்லாத ஒரு டூல்கிட்டைத் திருத்துவதோ குற்றம் ஆகாது என்று தெளிவாகச் சொன்னது. ஆனால், அதற்குள் அவருடைய சாட்கள் டிவியில் ஓடியிருந்தன. அவற்றைக் கசியவிடக் கூடாது என்று அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது.

நம் பக்கத்திலும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் யாரோ போட்ட பதிவுக்காக அட்மின்மீது வழக்கு பாய்ந்தது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர் வெறும் அட்மின் வேலை மட்டும்தான் பார்த்தார் என்றால் குற்றப்பத்திரிகையிலிருந்து அவர் பெயரை எடுக்க வேண்டும் என்றது.

பூட்டையே மாற்றச் சொல்லும் சண்டையும் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கேட்டால் சொல்ல வேண்டும் என்கிறது 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள். இதன் முன்கதை சென்னையில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், ஐ.ஐ.டி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி 2019-லேயே, முதலில் அனுப்பியவரின் தகவலைச் செய்தியோடு சேர்த்தே அனுப்ப முடியும் என்று யோசனை கொடுத்தார். ஐ.ஐ.டி பம்பாய் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அது சரிவராது என்று எதிர்த்து எழுதினார். 2021 விதியை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. என்க்ரிப்ஷனை உடைக்கச் சொன்னால் நாங்கள் இங்கே இருக்க முடியாது என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் சொன்னார். வதந்தி பரப்பி ஆளைக் கொன்றவனைக் கண்டுபிடிக்க வேண்டாமா என்று ஒரு பக்கம். லாரியைப் படமெடுத்தவரையும் அதே வழியில்தானே கண்டுபிடிப்பார்கள் என்று இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாவது பயம்தான் அதிகம். அந்த காலை 7 மணி போன் கதையைக் கேட்டதிலிருந்து இன்னும் அதிகம்.

சரி, எந்த ஆப்?

கம்பெனியிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2016-ல் அமெரிக்க விசாரணை அமைப்பு ஒரு பயனாளரின் தகவல்களைக் கேட்டு சிக்னலுக்கு உத்தரவு அனுப்பியது. சிக்னலால் கொடுக்க முடிந்தவை இரண்டே இரண்டு: கணக்கு தொடங்கிய நாள், நேரம். கடைசியாக இணைந்த நாள். அவ்வளவுதான். வேறு எதையும் அவர்கள் வைத்துக்கொள்வதே இல்லை. யார் எந்தக் குரூப்பில் இருக்கிறார் என்பதும் சிக்னலின் சர்வருக்குப் புரியாத வடிவில்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் செய்தி பூட்டியிருந்தாலும், நீங்கள் யாரோடு, எப்போது, எந்தக் குரூப்பில் என்பது மாதிரியான தகவல்கள் கம்பெனிக்குத் தெரியும். கடிதத்தைப் படிக்க முடியாது, ஆனால் உறைமேல் இருக்கும் முகவரியைப் படிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2024 பிப்ரவரியிலிருந்து சிக்னலில் போன் நம்பருக்குப் பதில் யூசர்நேம் வைத்துக்கொள்ளலாம். கணக்கு தொடங்க நம்பர் வேண்டும். ஆனால், குரூப்பில் இருக்கும் மற்றவர்களுக்கு அது தெரியாது. அக்காவுக்கு வந்த அந்த போன், இந்த ஒரு வசதி இருந்திருந்தால் வந்திருக்காது. சிக்னல் குரூப்பில் 1,000 பேர் வரை சேரலாம். ஏரிக்கு அது போதும்.

நெட்டே இல்லாதபோது புளூடூத்தில் ஓடும் பிரையர், சொந்த சர்வரில் நடத்தக்கூடிய எலிமென்ட் என்று வேறு ஆப்களும் உண்டு. பெயர் கேட்டதும் எதையாவது இறக்கிவிடாதீர்கள். ஹாங்காங்கில் நெட் இல்லாமல் ஓடுகிறது என்று பிரபலமான பிரிட்ஜிஃபை ஆப்பை, அதே ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் 2020-ல் சோதித்துப் பார்த்து, பாதுகாப்பே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எந்த ஆப்பாக இருந்தாலும் போனுக்குள்ளேயே ஒற்றன் உட்கார்ந்துவிட்டால் பூட்டு உதவாது. 2019-ல் பெகாசஸ் உளவு மென்பொருள் வாட்ஸ்அப் கால் வழியாக சுமார் 1,400 போன்களில் ஏவப்பட்டது. காலை எடுக்கக்கூட வேண்டாம். இந்தியாவில் செயற்பாட்டாளர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். மனதைத் தேற்றிக்கொள்ள ஒன்று சொல்கிறேன். அது கோடிகளில் விலை போகும் சரக்கு. லாரிக்காரருக்கு அது தேவையே இல்லை. குரூப்பில் ஒரு ஆள் இருந்தால் போதும். போனையும் ஆப்பையும் அப்டேட் செய்துவைப்பதுதான் நம்மால் முடிந்த தடுப்பு.

அக்கா என்ன மாற்றினார்?

நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து இதையெல்லாம் சரிசெய்தோம். முதலில் டி.பி. மகள் படம் போய் செம்பருத்தி வந்தது. படத்தைத் தன் கான்டாக்ட்டில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றினோம்.

அடுத்து பேக்கப். இதை யாருமே யோசிப்பதில்லை. வாட்ஸ்அப் உங்கள் சாட்களை கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ சேமிக்கிறதல்லவா? அந்தப் பிரதிக்குத் தானாகப் பூட்டு கிடையாது. 2021-லிருந்து பூட்டும் வசதி இருக்கிறது, ஆனால் நீங்கள்தான் போய் ஆன் செய்ய வேண்டும். அக்கா ஆன் செய்தார். பிறகுதான் உறைத்தது. மீதி 179 பேரும் செய்தால்தானே? ஒருத்தர் பேக்கப் திறந்திருந்தாலும் குரூப் முழுக்க அங்கே இருக்கும். ஒரு குரூப்பின் பாதுகாப்பு என்பது அதில் மிகவும் அசட்டையாக இருப்பவரின் போன் அளவுக்குத்தான்.

'லிங்க்டு டிவைசஸ்' போய்ப் பார்த்தோம். எப்போதோ வேலை பார்த்த அலுவலகத்தின் கம்ப்யூட்டரில் அக்காவின் வாட்ஸ்அப் இன்னும் திறந்திருந்தது! அதை வெளியேற்றினோம். பூட்டிய திரையில் செய்தி தெரிவதை நிறுத்தினோம். இல்லையென்றால் மேசைமேல் வைத்த போனைப் பக்கத்து ஆளே படிப்பார். போனைத் திறக்க விரல்ரேகையோடு ஆறு இலக்க எண்ணும் வைத்தோம். பிரச்னையான இடத்துக்குப் போகும் முன் போனை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால், அந்த எண்ணைப் போடாமல் விரலை மட்டும் வைத்துத் திறக்க முடியாது. விரலைப் பிடித்து வைப்பது சுலபம், மனதில் இருக்கும் எண்ணைப் பிடுங்குவது அவ்வளவு சுலபமல்ல.

படங்களைப் பற்றியும் பேசினோம். படமாக அனுப்பினால் எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ் விவரத்தை வாட்ஸ்அப் நீக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். அது சரி, ஆனால் அக்காவின் படத்தில் கீழே ஓரமாக அவர் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும் துணி காயும் கயிறும் தெரிந்தன. எந்த ஆப்பும் அதை நீக்காது. இப்போது வெட்டிவிட்டுத்தான் அனுப்புகிறார்.

பிறகு சிக்னலில் ஒரு புதுக் குரூப். 9 பேர். எல்லோரும் எல்லோரையும் நேரில் பார்த்தவர்கள். புதிதாக ஒருவரைச் சேர்க்க இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். செய்திகள் ஒரு வாரத்தில் தானாக மறையும். புகாருக்குத் தேவையான படங்களை மட்டும், மறைவதற்கு முன் ஒருவர் தனியே எடுத்துப் பத்திரப்படுத்துவார். ஏனென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டால் நாளைக்கு அதிகாரியிடம் காட்ட ஆதாரம் இருக்காது. ஸ்க்ரீன்ஷாட்டைத் தடுக்க வழியில்லை. இன்னொரு போனை எடுத்துப் படம் பிடித்தால் எந்த ஆப் என்ன செய்யும்?

இதில் ஒரு வருத்தமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய குரூப்பில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஒரு பாட்டி இருந்தார். முதல் லாரியைப் பார்த்துக் குரல் கொடுத்தவரே அவர்தான். புது ஆப்பெல்லாம் தனக்கு வராது என்றுவிட்டார். பாதுகாப்பு கூடக் கூட, உள்ளே வர முடிகிறவர்கள் குறைகிறார்கள். எல்லோரையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தால், லாரிக்காரர் ஒன்றுமே செய்யாமல் குரூப் தானாகக் கலைந்துவிடும். அதனால் பாட்டிக்கு மட்டும் பழைய ஏற்பாடு. ராத்திரி லாரி வந்தால் பேரனை அக்கா வீட்டுக்கு அனுப்பிக் கதவைத் தட்டச் சொல்லுகிறார். இதைவிட நல்ல என்க்ரிப்ஷன் எனக்குத் தெரிந்து இல்லை.

180 பேர் குரூப்பை மூடவில்லை. மூடினால் 'பயந்துட்டாங்க' என்று ஆகிவிடும் என்றார் அக்கா. அதில் ஏரியின் நீர்மட்டம் வருகிறது, தூர்வாரக் கூடும் நாள் வருகிறது, கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்த மனுவின் நகல் வருகிறது, காலை வணக்கமும் வருகிறது. அன்றைக்கு அந்த போனைச் செய்தவருக்குத் தகவல் கொடுத்த ஆள் இன்னும் அதற்குள்தான் இருக்கிறார் என்று அக்கா நினைக்கிறார். யார் என்று தேடுவதை நிறுத்திவிட்டார். லாரி படங்கள் மட்டும் அங்கே போவதில்லை.